மலைக்கு முதுகு காட்டி

நவம்பர் 6, வியாழன்

மலை சுற்ற வந்த பௌர்ணமிக் கூட்டம் கலைந்துவிட்டது. தெரு முழுக்கத் தண்ணீர் பாட்டில்கள். வேதியியல் படித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு அருணாக்கா வந்தார். கோபுரத்துக்கு எதிரே செருப்பு ஸ்டாண்டு வைத்திருப்பவர். ஆறாவது படிக்கும் அவர் மகள் ஓவியா, காலாண்டில் கட்டுரைப் பக்கத்தை வெள்ளையாகவே விட்டுவிட்டாளாம்.

"எங்கூட ஸ்டாண்டுல குந்திக்கினு இவ படிப்பே போச்சு. இந்த மாசப் பரீட்சையிலயும் எழுதலன்னா வேலூர் ஹாஸ்டல்தான். பொட்டிகூட வாங்கிட்டேன். கட்டுரையில பிரைஸ் வாங்கற பொண்ணு நீ, கொஞ்சம் சொல்லிக் குடேன் தென்றலு."

ஓவியா வாசலிலேயே நின்றாள். கண் கலங்கியிருந்தது.

எனக்கு ஒரு மாணவி! அதற்குப் பிறகு வேதியியல் ஏறவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

தலைப்பு: கார்த்திகை தீபம். பரீட்சைக்கு இதுதான் வரும் என்று அவளுடைய தமிழ் மிஸ் சொல்லியிருக்கிறார். என் பரிசுக் கட்டுரையின் முன்னுரையை மனப்பாடம் செய்யச் சொன்னேன். 'விண்ணும் மண்ணும் ஒளியில் நீராட' வரை வருகிறாள். அப்புறம் சுவரைப் பார்க்கிறாள்.

நவம்பர் 12, புதன்

இன்றும் 'நீராட'வோடு நின்றுவிட்டாள். குறை என்னிடமா?

நவம்பர் 16, ஞாயிறு

பொறுமை போய்க் கேட்டேவிட்டேன். "ஏண்டி, இந்த ஊர்ல பொறந்துட்டு மலையில தீபம் ஏத்தறதப் பாத்ததே இல்லையா?"

"இல்லக்கா. அப்பதான் செருப்பு ஜாஸ்தி காணாமப் போவும். எல்லாரும் மேல பாக்கும்போது நாம கீழ பாக்கணும்னு அம்மா சொல்லும்."

அவர்கள் உட்காருவது மலைக்கு முதுகு காட்டி. அதற்கப்புறம் அவள் பேச்சை நிறுத்தவேயில்லை. முதலில் சத்தம் அடங்குமாம். எதிரே நிற்கிறவர்கள் வாயெல்லாம் ஒன்றாகத் திறக்குமாம். பிறகுதான் 'அரோகரா'. அப்பா தோளில் உட்கார்ந்திருக்கும் ஏதாவது ஒரு குழந்தை மட்டும் மலையை விட்டுவிட்டு இவளையே பார்க்குமாம்.

எத்தனை தீபம் பார்த்திருக்கிறேன் நான்! இதில் ஒன்றையாவது பார்த்தேனா?

"இதையே எழுதுடி."

"சாமி கட்டுரையில செருப்பு எழுதலாமாக்கா? மிஸ் திட்டாது?"

எனக்கும் தெரியவில்லை. எழுது என்றுதான் சொன்னேன். சரியாகச் சொன்னேனா? தப்பானால் பெட்டியோடு வேலூர் போகப்போவது நான் இல்லையே — அவள்தானே.

நவம்பர் 21, வெள்ளி

ஒன்றரைப் பக்கம் எழுதினாளாம்! பேனா பாதியில் நின்றுபோய்ப் பக்கத்துப் பெண்ணிடம் வாங்கி முடித்தாளாம்.

நவம்பர் 25, செவ்வாய்

அருணாக்கா விடைத்தாளோடு வந்தார். முகம் சிவந்திருந்தது.

"செருப்பு ஸ்டாண்டுக்காரி பொண்ணுன்னு இவளே எழுதிக் குடுத்துட்டு வந்துக்கிறா! மிஸ்ஸு அத கிளாஸ்ல படிச்சிக் காட்டுச்சாம். எனக்கு அசிங்கமா இருக்காதா? இதான் நீ சொல்லிக் குடுத்ததா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "நான் சொல்லிக் குடுத்தத அவ எழுதவே இல்லக்கா. எல்லாம் அவளுது. கடைசிவரைக்கும் படிச்சீங்களா?"

படிக்கவில்லை. நான் படித்துக் காட்டினேன்.

'எல்லாரும் தீபத்தைப் பார்க்கும் நேரத்தில் என் அம்மா குனிந்துகொண்டிருப்பார். யாரும் வெறுங்காலோடு வீட்டுக்குப் போகக் கூடாது அல்லவா?'

கீழே சிவப்பு மையில் மிஸ் எழுதியிருந்தார்: 'இதுவரை நான் பார்க்காத தீபம். நன்றி ஓவியா.'

அருணாக்கா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். தாளைக் கசங்காமல் வாங்கிக்கொண்டு போனார்.

நவம்பர் 26, புதன்

காலையில் ஓவியா ஒரு கிண்ணம் கேசரி கொண்டுவந்தாள். "அம்மா குடுத்துச்சு. எதுக்குன்னு சொல்லல."

டிசம்பர் 3, புதன்

இன்று தீபம். ஸ்டாண்டுக்கு உதவியாக நானும் போனேன். வேலூருக்கென்று வாங்கிய தகரப் பெட்டி அங்கே இருந்தது. அதில் டோக்கன் போட்டு வைத்திருக்கிறார்கள்.

நேரம் நெருங்கியதும் அருணாக்கா பெட்டியை மூடி, ஸ்டாண்டுக்கு முன்னால் இழுத்துப் போட்டார்.

"ஏறுடி. இன்னிக்கு நீ மேல பாரு. கீழ நானும் அக்காவும் பாத்துக்கறோம்."

ஓவியா பெட்டிமேல் ஏறி மலைப் பக்கம் திரும்பினாள். நாங்கள் அவளுக்கு எதிரே உட்கார்ந்து செருப்புகளைப் பார்த்தோம்.

அவள் எழுதியது சரிதான். முதலில் சத்தம்தான் அடங்குகிறது. நிமிர்ந்தேன். எல்லார் வாயும் திறந்திருந்தது. ஓவியாவின் வாயும்.

அருணாக்கா என் தலையில் தட்டினார்.

"அவளப் பாத்தது போதும். கீழ பாரு."