புள்ளி விலகியதும் தெரிந்த முகம்

மணிமங்கலம்

அன்பு மகள் இசைவாணிக்கு, அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் நடமாட்டத்தோடு சுகமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருந்தால் எங்களுக்கு அதுவே போதும். அப்பாவுக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது, அந்தச் சந்தோஷத்திலேயே ஒளித்து வைத்து அல்வா தின்கிறார். வாணி, போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நம் மாடி ரூமில் கவியா குடியிருக்கிறாள் என்று சொன்னேனே, ஒரகடத்தில் கார் கம்பெனியில் லைன் வேலை பார்க்கிற திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், அத்தை அத்தை என்று என் பின்னாலேயே சுற்றுவாளே, அவள் விஷயம்தான். நேற்று நான் வேலை பார்க்கிற பிரிண்டிங் யூனிட்டுக்குக் காரில் நாலு பேர் வந்து, காணவில்லை நோட்டீஸைப் பென்டிரைவில் கொடுத்து அடிக்கச் சொன்னார்கள், நான் அதை அப்படியே மெஷினில் செருகினேன். இசக்கிசெல்வி, மனநிலை சரியில்லாதவர் என்று போட்டிருந்தது, யார் பெற்ற பிள்ளையோ என்று எனக்கு மனசு கேட்கவில்லை. முதல் தாளில் முகம் தார் பூசினாற்போல வந்தது. எங்கள் மெஷினில் கம்பெனிகளுக்கான மேனுவல்தானே ஓடுகிறது, எழுத்து பளிச்சென்று விழ வேண்டும் என்று முதலாளி மோகன் சார் கருப்பு மையை எப்போதும் ஏற்றியே வைத்திருப்பார். அதில் போட்டோ அடித்தால் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டி அடைத்துக்கொள்ளும். வந்தவர்களில் ஒருத்தன், இதுல மூஞ்சி எங்க இருக்கு, வெறும் மையாத்தானே இருக்கு என்று கத்திவிட்டு டீ குடிக்கப் போனான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மையைக் குறைத்தேன், போட்டோ மோடுக்கு மாற்றினேன், புள்ளியை இடைவெளி விட்டு விழ வைத்தேன், ஈரம் ஏறிய தாளை எடுத்துவிட்டுப் புதுக்கட்டைப் பிரித்தேன். ஒவ்வொரு தாளுக்கும் முகம் தெளிந்துகொண்டே வந்தது, கன்னம், மூக்கு, அப்புறம் கண். ஐயோ வாணி, நம் கவியா! பெயர் வேறு, நல்ல புத்தியுள்ளவளை மனநிலை சரியில்லை என்கிறார்கள், இவர்கள் நல்லதுக்குத் தேடவில்லை என்று புரிந்தது. நான் இவ்வளவு அக்கறையாகத் துலக்கியது அவளைக் காட்டிக்கொடுக்கத்தானா?

மாற்றியதையெல்லாம் பழையபடி ஆக்கினேன், இன்னும் கொஞ்சம் மையையும் ஏற்றினேன். மெஷினில் டிரம் போய்விட்டது, சர்வீஸ் ஆள் வரவேண்டும் என்றேன். மோகன் சார், இன்னாம்மா, காலைல நல்லாத்தானே ஓடிக்கினு இருந்துச்சு என்றார், நான் மெஷின் மூடியைத் திறந்து உள்ளே துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டேன். அவர்கள் திட்டிக்கொண்டே குன்றத்தூரில் அச்சடித்துக்கொள்கிறோம் என்று கிளம்பினார்கள். முகம் தெளிந்து வந்த தாளை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்தேன்.

கவியாவின் நிஜப் பெயரே இசக்கிசெல்விதானாம். பேச்சிராஜ் என்ற பையனை விரும்புகிறாள், வேறு சாதி, இரண்டு பேரையும் வெட்டுவோம் என்று அண்ணன்மார் சொன்னதால் பெயரை மாற்றிக்கொண்டு இங்கே வந்திருக்கிறாள். மனநிலை சரியில்லை என்று போட்டதைப் படித்துச் சிரிக்கத்தான் செய்தாள். போட்டோவைப் பார்த்ததும்தான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அத்தை, இது எங்கம்மா செல்லுல மட்டுந்தான் இருந்துச்சு, அவளே எடுத்துக் குடுத்துட்டாளா என்று கேட்டாள். 

அப்பாவே கூடப் போய் மகளிர் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து, பேச்சிராஜையும் வரவழைத்து, இரண்டு பேரையும் பத்திரமான இடத்தில் சேர்த்துவிட்டு வந்தார், எங்கே என்று இதில் எழுதவில்லை. மாடியில் யார் இருந்தார்கள் என்று உன்னிடம் யார் கேட்டாலும் தெரியாது என்று சொல், நம் சொந்தக்காரர்களாக இருந்தாலும் சரி. ராத்திரி தலைக்குக் குளிக்காதே. நீங்கள் இரண்டு பேரும் நீடூழி நன்றாக இருக்க வேண்டும். உன் போட்டோவெல்லாம் என் செல்லில்தான் இருக்கிறது கண்ணு, எந்தக் காலத்திலும் எவனுக்கும் எடுத்துக் கொடுக்க மாட்டேன்.

உன் அம்மா
அன்னக்கிளி