உரக்குழித் தலைவிக்கு

தோஹா

அன்புள்ள தனபாக்கியம்,

வட்டவளையில் மழை விட்டதா? உன் முழங்கால் வலி எப்படி? நான் சுகம். வயிறு மட்டும் எரிகிறது. சாப்பாட்டால் அல்ல, உன்னால்.

தோட்டத்து லயத்துப் பெண்களைச் சேர்த்து, மருந்தடிக்காமல் போஞ்சியும் லீக்ஸும் விளைவிக்கும் தலைவி என்று உன்னைக் காட்டிய வீடியோவை எங்கள் அறையே பார்த்தது. "எல்லாம் நாங்களே செஞ்சோங்க, ஆம்பளைங்க ஒதவியே இல்லைங்க" என்று சிரிக்கிறாய். உடனே பக்கத்துக் கட்டில், நம்ம மக்பூல் நானா, "மருதமுத்து, ஒங்கள ஊர்ல தேடுற மாதிரி தெரியலியே!" என்றார்.

எனக்குப் பொறுக்குமா? நானும் உரம் போடுகிறேன் என்று, ஆபீசில் நான் ஊற்றும் தேநீரின் சக்கையை வாளியில் சேர்த்தேன். தோட்டத்தில் பிறந்தவனுக்குத் தேயிலையைப் பற்றிச் சொல்லித்தர வேண்டுமா? ஆனால் இங்கே பாலும் சீனியும் சேர்த்தே கொதிக்கவைப்பதை மறந்துவிட்டேன். நம்ம தோட்டத்தில் காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு நிற்பதுபோல், மேலாளர் மேசை வரை எறும்புகள் வரிசைகட்டி வந்தன. பயப்படாதே, வேலை போகவில்லை; வாளிதான் போனது.

மக்பூல் நானா லீவில் ஊருக்குப் புறப்படுகிறார், கடிதம் அவர் கையில் வருகிறது. அவர் திரும்பும்போது கொஞ்சம் போஞ்சி விதை கொடுத்தனுப்பு. உரக்குழி போடும் விதத்தை உன் கையாலேயே எழுது. நீளமாக எழுது.

இன்னொன்று. வீடியோவில் உனக்குப் பின்னால், பன்றி விரட்ட நிறுத்திய பொம்மைக்கு என் நீலச் சட்டையைப் போட்டிருக்கிறாய். கொடுத்துவைத்த பயல், நாளெல்லாம் உன் பக்கத்திலேயே நிற்கிறான். மார்கழியில் வந்ததும் அந்த வேலையை எனக்குக் கொடு.

விமானத்துக்கு நேரமாகிறது என்று நானா கத்துகிறார்.

உன்
மருதமுத்து