அவலின் குதிகாலில் மருதாணி

அப்பா,

சம்பா நடவு தொடங்கிவிட்டது. சேற்றுப்புண் வராமலிருக்க அம்மா காலையில் மருதாணி அரைத்தார். மிக்சியைத் திறந்ததும் வந்த வாசனையில் எனக்கு நம் முயல் அவலின் பின்னங்கால்தான் நினைவுக்கு வந்தது.

போன வருடம் அதன் குதியில் முடி உதிர்ந்து தோல் சிவந்திருந்ததை முதலில் பார்த்தது நீங்கள். "இதுக்கும் சேத்துப்புண்ணு பாப்பா" என்று, உங்கள் கால்விரல் இடுக்கில் வைத்தது போக மீதி மருதாணியை அதற்கும் அப்பினீர்கள்.

"சேறே மிதிக்காத மொயலுக்கு எப்படிப்பா சேத்துப்புண்ணு வரும்?"

"படிச்ச புள்ள கேள்வி கேக்குது. வச்சுத்தான் பாப்போமே."

மறுநாள் அவல் காலை ஊன்றவில்லை. மன்னார்குடிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். கால்நடை டாக்டரம்மா பாதத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"கல்யாணப் பொண்ணாங்க இது? இந்தச் சிவப்புல புண்ணு எவ்வளவு ஆழம்னே தெரியல. எலும்பைத் தொட்டுட்டா கால் தங்காது. கூண்டுல அடியில என்ன போட்டிருக்கீங்க?"

"கம்பி வலைங்க" என்றீர்கள். "நானே கட்டுனது. தெனம் தண்ணி அடிச்சுக் கழுவிருவேன்."

"கம்பி அறுத்திருக்கு. ஈரம் மிச்சத்தப் பாத்துக்கிச்சு."

முயலின் பாதத்தில் நாய்க்கு இருப்பது போல மெத்தைத் தோல் கிடையாது, முடிதான் மெத்தை என்றும் சொன்னார். பஸ்ஸில் கூடையைக் கீழே வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் கம்பி வலைமேல் பலகை போட்டு, காய்ந்த வைக்கோலைத் தடிமனாகப் பரப்பினீர்கள். அவலை விடுவதற்கு முன் உள்ளங்கையை ஊன்றி, உடம்பின் எடையையெல்லாம் அதில் இறக்கினீர்கள். "என் கை நோகலன்னா அதுக்கும் நோகாது."

பிறகு தினமும் நீங்கள் அதை மடியில் மல்லாத்திப் பிடிக்க, நான் உப்புத் தண்ணீரால் துடைத்து, டாக்டரம்மா கொடுத்த களிம்பைத் தடவினேன். அது நக்கிவிடாமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருப்பீர்கள். நனைந்த வைக்கோலை உடனே மாற்றினோம். நகத்தை வெட்டினோம். புண் எலும்புவரை போயிருக்கவில்லை. பொருக்கு உதிர்ந்து பூனைமுடி போல ஏதோ முளைத்தபோது, உங்கள் காய்த்துப்போன விரலுக்கு அது தட்டுப்படவில்லை. "நீ சொன்னா சரிதான்" என்றீர்கள்.

அறுவடைக்கு முன்பே நெஞ்சுவலி உங்களைக் கொண்டுபோய்விட்டது. கிடத்தியிருந்தபோது எல்லோரும் உங்கள் முகத்தைப் பார்த்தார்கள். நான் கால்மாட்டில் நின்றேன். விரல் இடுக்கில் கடைசியாக வைத்த மருதாணி இன்னும் சிவப்பாக இருந்தது.

அவலின் குதியில் இப்போது முடி அடர்ந்துவிட்டது. வைக்கோல் மாற்றும்போதெல்லாம், அதை உள்ளே விடுமுன் நானும் கையை ஊன்றிப் பார்க்கிறேன். உங்கள் எடை எனக்கு இல்லை. அதனால் நோகாவிட்டாலும் இன்னும் ஒரு பிடி போடுகிறேன்.