பிளேனுக்குக் கை காட்டுற லயம்

அன்பு மகளுக்கு,

இந்த லயத்து வரிசை வீட்டுல போன்ல பேசினா பக்கத்து வீட்டுக் காம்பரா வரைக்கும் கேக்கும், அதான் எழுதுறேன். சாப்பிடாம கெடக்காத.

கண் சோதனையில மறுபடி தவறிட்டேன்னு, இனி பிளேன் ஓட்ட விட மாட்டாங்கன்னு நீ அழுததை அப்பாகிட்ட இன்னும் சொல்லல. உன் படிப்புக்கு எடுத்த அரசாங்கக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்ட விஜயகலா டீச்சர் எதிர்ல வந்தா, ரப்பர் மலையில மரங்களுக்குள்ள எறங்கிப் போயிடுறேன்.

பிளேன் சத்தம் கேட்டா போதும், அப்பா ரப்பர் பால் வெட்டுற கத்தியோட வாசலுக்கு ஓடுவாரு. “நம்ம புள்ள போகுது!” லயமே வெளிய வந்து கை காட்டும்.

நேத்தும் ஒன்னு போச்சு. “நீ ஏன் சும்மா நிக்கிற?”ன்னாரு.

நானும் கை காட்டினேன்மா.

இப்படிக்கு,
உன் வரவுக்குப் பயந்துக்கிட்டே காத்திருக்கிற
அம்மா