கலர் அறைக்கு வீட்டு ஆள்

திருச்சி
20-3-1994

அன்புள்ள அண்ணன் மீரா சாகிப் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாளைக்குத் தம்பியிடம் கொடுத்தனுப்பிய பனியன்களும் ஊத்துக்குளி வெண்ணெயும் வந்து சேர்ந்தன. நீங்களும் வந்திருக்கலாம். வேலை என்பீர்கள்.

தம்பி ரவூபைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். பிரியாணியைத் தொட்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டான். டீ டம்ளரை இரண்டு கையாலும் தூக்குகிறான். சிரித்தபோது பார்த்தேன், ஈறில் மை தீட்டியது போல ஒரு நீலக் கோடு. துருவிக் கேட்ட பிறகுதான் உங்கள் பனியன் பிரிண்டிங் பட்டறையில் அவன் என்ன செய்கிறான் என்று சொன்னான்.

"மஞ்சத் தூளைச் சலிச்சுக் கலக்கறது நான்தானுங்க அக்கா. கலர் ரூமுக்குள்ள ஊட்டு ஆளைத் தவிர யாரையும் அண்ணன் உடமாட்டாரு."

பெருமையாகத்தான் சொன்னான்.

அண்ணா, அந்த மஞ்சளில் இருப்பது காரீயம், விஷம். ஈறில் உள்ள நீலக் கோடு அதன் அடையாளம். கல்லூரியில் வருடா வருடம் சோதனைக்குழாயில் அதே மஞ்சளை வரவழைத்துக் காட்டுகிறேன். பிள்ளைகள் அழகு என்பார்கள். அதைத் தம்பி ஆறு வருடமாக மூச்சில் இழுத்துக்கொண்டிருக்கிறான். அவனை வேறு வேலைக்கு மாற்றுங்கள். அதுவரை ஜன்னலையாவது திறந்து வையுங்கள்.

அன்புத் தங்கை
அமீருன்னிசா


வேலம்பாளையம்
2-4-1994

அன்புத் தங்கைக்கு,

வ அலைக்கும் ஸலாம். இங்கே எல்லோரும் சுகம். உன் கடிதத்தை உன் மதினிக்குப் படித்துக் காட்டினேன். "காலேசுக்கு அனுப்புனீங்கல்ல, இப்ப பரிச்சை பேப்பரு திருத்தறாப்புல நம்மளையும் திருத்துது பாருங்க" என்று சிரிக்கிறாள்.

ஜன்னலைத் திறந்தால் தூள் பறக்கும். அது கூடப் போகட்டும். அடுத்த ஷெட்டு கிட்டுசாமி பல் துலக்குகிற சாக்கில் நம் சுவரோரம் வந்து நிற்கிறார். கலவையைத் தெரிந்துகொண்டால் நாளைக்கே நம்மிடம் சரக்கு எடுக்கிற பையர் அவர் வாசலில் நிற்பான். தம்பியை விட்டால் யாரை நம்புவேன், சொல்.

அவனுக்குத் தினமும் பாலும் வெல்லமும் கொடுக்கிறேன். வெல்லம் தூளை அடித்துக்கொண்டு போய்விடும். வாயுத் தொல்லைதான் என்று இங்கே டாக்டர் சொல்லிவிட்டார். நீ மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே.

அண்ணன்
மீரா சாகிப்


திருச்சி
18-6-1994

அன்புள்ள அண்ணனுக்கு,

வெல்லம் இதற்குக் கேட்காது. போன மாதம் தம்பியை வற்புறுத்தி இங்கே அழைத்து வந்தேனே, அவன் இரத்தத்தைச் சென்னைக்கு அனுப்பிப் பார்த்தார்கள். காரீயம்தான். அந்த அறைப் பக்கமே போகக்கூடாது என்றார் டாக்டர். இங்கிருந்த கொஞ்ச நாளிலேயே சோறு இறங்க ஆரம்பித்தது. என் மகனுடன் கேரம் ஆடினான்.

அப்போதுதான் பக்கத்து வீட்டுக்கு உங்கள் போன் வந்தது. ஷிப்மென்ட் அவசரம். நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். "அண்ணன் என்னைய நம்பித்தானுங்க அக்கா கூப்புடறாரு" என்று சொல்லி, என்னை ஒதுக்கிவிட்டு பஸ் ஏறிவிட்டான்.

நீங்கள் அடித்து வேலை வாங்கியிருந்தால் அவன் என்றைக்கோ ஓடி வந்திருப்பான்.

பதில் போடுங்கள்.

தங்கை
அமீருன்னிசா


வேலம்பாளையம்
5-11-1994

அன்புத் தங்கைக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. நீ சொன்னதுதான் சரி. வெளிநாட்டுப் பையர் குழந்தைச் சட்டைகளைத் திருப்பிவிட்டான். மஞ்சளில் காரீயம் இருக்கிறதாம், குழந்தை சட்டையைச் சப்புமாம். மறுநாளே பம்பாய்க்குப் பேசி, காரீயம் இல்லாத மஞ்சளுக்குச் சொல்லிவிட்டேன். பழைய மஞ்சள் டிரம்களை உள்ளூர் ஆர்டருக்கு ஓட்டிவிடலாம்.

தம்பிக்குத்தான் இரண்டு கையும் மணிக்கட்டோடு தொங்கிவிட்டன. கரண்டி பிடிக்க முடியவில்லை. பத்ருன்னிசாதான் புருஷனுக்கு ஊட்டிவிடுகிறாள். வைத்தியம் நடக்கிறது. நான் ஒரு குறையும் வைக்கவில்லை.

கலர் அறை பூட்டிக் கிடக்கிறது. வெளியாளை உள்ளே விட மனசு வரவில்லை. உன் மகன் பக்கீர் முகமது பி.எஸ்ஸி. முடித்துவிட்டு வீட்டில்தானே இருக்கிறான்? அனுப்பி வை. நம் வீட்டு ஆள்.

அண்ணன்
மீரா சாகிப்


திருச்சி
12-11-1994

மீரா சாகிப் அவர்களுக்கு,

நான் எழுதியபோது அது படித்தவளின் பேச்சாக இருந்தது. முகம் தெரியாத ஒரு குழந்தை சட்டையைச் சப்பும் என்று பையர் எழுதினான், மறுநாளே மஞ்சள் மாறியது. அந்தக் குழந்தைமேல் எனக்கு வருத்தமில்லை. எங்கிருந்தாலும் அது நன்றாக இருக்கட்டும். பழைய டிரம்களைத் தொடாதீர்கள். உள்ளூரிலும் குழந்தைகள் சட்டையைச் சப்பும்.

வருகிற வெள்ளிக்கிழமை ரவூபையும் பத்ருன்னிசாவையும் அழைத்துப்போக வருகிறேன். அவன் மறுப்பான். உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் மறுப்பான். அப்போது எனக்காக ஒன்று செய்யுங்கள். இனி நீ இங்கே வேண்டாம் என்று உங்கள் வாயால் அவனிடம் சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் அவன் கேட்கமாட்டான்.

பக்கீர் வரமாட்டான்.

எங்களை இனி வெளியாட்களாக வைத்துக்கொள்ளுங்கள். வெளியாட்களை நீங்கள் அந்த அறைக்குள் விடுவதில்லையே.

அமீருன்னிசா