மூன்றாம் இலக்க வாக்கியம்

கண்டி
11.03.1980

அன்புள்ள மகள் தவமலருக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் வழமையான இருமலோடும் வழமையான சண்டையோடும் சௌக்கியம். நீயும் அங்கே யாழ்ப்பாணத்தில் நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கவேண்டும் என்று கதிர்காமக் கந்தனிடம் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அவருக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்திருக்கும்.

அப்பா பெயருக்கு நீ எழுதிய கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. கம்பஸ் தொடங்கி ஆறு கிழமையில் முன்னேற்றக் குறிப்பு என்று ஒரு துண்டு கொடுத்தார்கள், அதில் வாசிப்பில் ஆழமில்லை என்று எழுதியிருக்கிறது, எனக்குப் படிப்பு வராது, வீட்டுக்கே வந்துவிடுகிறேன் என்று நாலு பக்கம் அழுதிருக்கிறாய். அந்த நாலு பக்கத்தையும் டியூட்டோரியல் கட்டுரையில் எழுதியிருந்தால் ஆழம் தானாக வந்திருக்கும். சரி, கோபிக்காதே. இந்தத் துண்டுகள் எப்படிப் பிறக்கின்றன என்று இருபது வருஷமாக இங்கே கண்டிக் கம்பஸ் கந்தோரில் தமிழ் டைப் அடிக்கிற எனக்குத் தெரியும், போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன், கேள்.

எங்கள் புவியியல் பகுதிக்கு நடராஜா என்று ஒரு விரிவுரையாளர் புதிதாக வந்திருக்கிறார். யாழ்ப்பாணத்து ஆள், லண்டனிலிருந்து ஒரு கலாநிதிப் பட்டமும் ஒரு மழைக்கோட்டும் கொண்டுவந்தார், கண்டி மழைக்கு அந்தக் கோட்டுத்தான் உதவுகிறது. வருஷ முடிவில் பெயிலாக்கிவிட்டுப் பிறகு சொல்வது சரியில்லை, ஆறாம் கிழமையிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும் என்று அவர்தான் இங்கேயும் இந்தத் துண்டைத் தொடக்கினார். நல்ல யோசனைதான். ஆனால் எனக்குத் தந்தது மூன்று வாக்கியம். ஒன்று, முன்னேற்றம் திருப்தி. இரண்டு, முன்னேற்றம் போதாது. மூன்று, பல்கலைக்கழகப் படிப்பு உமக்கு ஏற்றதா என்று யோசிக்கவும். நாற்பத்து மூன்று பேரின் பெயருக்கு நேரே ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டுத் தந்துவிட்டார், நான் அடித்துக் கொடுத்தேன்.

மூன்றாம் இலக்கம் ஒரே ஆளுக்குத்தான். கலகெதரயிலிருந்து வருகிற மஹ்மூத். வாய் திறக்காத பிள்ளை. மறுநாளே கந்தோருக்கு வந்து, என்ட சேர்டிபிகேட்டைத் தாங்க மிஸ், வாப்பாட கடையிலேயே நிக்கப் போறேன் என்றான். துண்டைச் சின்னதாக மடித்துக் கையில் வைத்திருந்தான். அந்த வாக்கியத்தை அடித்தது என் விரல், மலர். சேர்டிபிகேட் இருக்கிற அலுமாரிச் சாவி வைத்திருக்கிறவர் லீவு, வியாழக்கிழமை வா என்று கூசாமல் பொய் சொன்னேன். சாவி என் மேசை லாச்சிக்குள் இருந்தது.

அவன் போனதும், திருத்தி என் மேசைக்கு வந்திருந்த டியூட்டோரியல் கட்டை அவிழ்த்து அவனுடையதை எடுத்து வாசித்தேன். முதல் இரண்டு பக்கமும் எங்கேயோ பார்த்து எழுதியது, எனக்கே நித்திரை வந்தது. மூன்றாம் பக்கத்தில் தங்கள் ஊரில் மிளகு காயாமல் பூஞ்சணம் பிடிக்கிற நேரத்தில் வத்தேகமப் பக்கம் மட்டும் வெயில் எரிப்பது ஏன் என்று சொந்தமாக எழுதியிருந்தான். அது சரியோ பிழையோ எனக்குத் தெரியாது, ஆனால் முழுக்க வாசித்தேன். நடராஜா சேரின் சிவப்புப் பேனை முதல் பக்கத்தோடு நின்றிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில், சேர் சொல்வதுபோல அவனுக்குப் புதுத் துண்டு ஒன்று அடித்தேன். மூன்றாம் பக்கம் நன்றாக இருக்கிறது, முதல் இரண்டு பக்கமும் ஏன் அப்படி இல்லை, என்னை வந்து காணவும் என்று. கையெழுத்துப் பைலுக்குள் செருகினேன். மனிதன் பிளேன்டீயைக் குடித்துக்கொண்டே எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டார், ஒன்றையும் பார்க்கவில்லை.

மஹ்மூத் அந்தத் துண்டோடு அவர் அறைக்குப் போனானாம். எந்த மூன்றாம் பக்கம் என்று தெரியாமல் அவர் முழித்துவிட்டு வியாழக்கிழமை வாரும் என்று அவனை அனுப்பிவிட்டு நேரே என் மேசைக்கு வந்தார். நான் எழுதாததை நீங்கள் எழுதியிருக்கிறியள், இது எவ்வளவு பெரிய குற்றம் தெரியுமே என்றார். தெரியும் சேர், நீங்க வாசிக்காததுக்குக் கையெழுத்துப் போட்டீங்களே, அதுக்கு என்ன பேர் என்றேன். அவர் டியூட்டோரியல் கட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நான் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் வேலை போகப்போகிறது என்றேன். போனா போகுது, இனியாவது வீட்டுல சுடுசோறு கிடைக்கும் என்றார். உன் அப்பாவின் ஆறுதல் எப்போதும் அப்படித்தான். மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை மஹ்மூத் சேரின் அறையில் ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டு வந்தான். அவனுடைய வாடிய முகத்தைப் பார்த்து, முடிந்தது கதை என்று சாவியை எடுத்தேன். என்ன நடந்தது தெரியுமா, மூன்றாம் பக்கத்தில் காற்றின் திசையைத் தலைகீழாக எழுதியிருக்கிறான், நூற்றுக்கு முப்பத்தெட்டாக இருந்த புள்ளி முப்பத்தைந்தாகிவிட்டது. ஆனால் அவன், குறைஞ்சிட்டு மிஸ், எங்க பிழைச்சேன்னு இப்ப தெரியும், அந்தக் கேள்விய விடாம திரும்ப எழுதச் சொன்னார் என்று சொல்லிவிட்டு நூலகம் இருக்கிற பக்கம் போய்விட்டான். சேர்டிபிகேட்டைக் கேட்கவேயில்லை. நடராஜா சேர் நாற்பத்து மூன்றையும் முதலிலிருந்து வாசித்து நாற்பத்து மூன்று விதமாக எழுதித் தந்திருக்கிறார். அத்தனையும் நான்தான் அடிக்கிறேன், விரல் கழன்றுவிடும் போல இருக்கிறது. மனிதன் இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை, ஆனால் மேலிடத்துக்கு என்னைப் பற்றி முறைப்பாடும் எழுதவில்லை.

ஆகவே நீ திங்கட்கிழமை காலை தலையை ஒழுங்காக வாரிக்கொண்டு உன் விரிவுரையாளரிடம் போய், எந்தப் பக்கத்தில் ஆழமில்லை என்று மரியாதையாகக் கேள். அவர் பக்கத்தைக் காட்டினால் அந்த இடத்தைத் திரும்ப எழுது. நீ உண்மையிலேயே வாசிக்காமல் எழுதியிருந்தால், எனக்கென்னவோ அப்படித்தான் தோன்றுகிறது, அதையும் அவரிடமே ஒப்புக்கொள். உன் கண்டிப் பேச்சைக் கேட்டு யாழ்ப்பாணத்து அறைப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய், அவர்கள் கதைப்பதைக் கேட்டு நீயும் சிரி, கணக்குச் சரியாகிவிடும்.

நல்லெண்ணெய் தலைக்கு வைக்க மறக்காதே. கந்தன் துணையிருப்பான், நன்றாக இரு மகளே. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். உன் கடிதம் வந்த அன்று அப்பா சவரம் பண்ணப் போகிறேன் என்று புறப்பட்டுப் போய், கண்டி ஸ்டேசனில் யாழ்ப்பாணத்துக்கு ரயில் எத்தனை மணிக்கு என்று விசாரித்திருக்கிறார். தாடியோடுதான் திரும்பி வந்தார். நீ வா என்று ஒரு வரி எழுதினால் அவர் அடுத்த ரயிலில் வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். அதனால் இனி அவருக்கு எழுதாதே, எனக்கு எழுது.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா
அ. பாலாம்பிகை