மாறிப்போன இரண்டு பைகள்

முன்னாள் கணவருக்கு,

பத்து வருடம் அந்த எரிமலையில் கல் பொறுக்கியது நான். "நீ ஏறு, நான் எழுதிக்கறேன்" என்று கூடாரத்தில் கால் நீட்டியது நீங்கள்.

பிரியும்போது என் கணினியைத் தூக்கிக்கொண்டு போனீர்கள். சமையலறை இழுப்பறையில் கிடந்த என் நோட்டைச் சீண்டக்கூட இல்லை. மழையில் பெயர்ச்சீட்டு நனைந்து அழிந்ததில் இரண்டு பைகளின் கற்கள் மாறிப்போனதை அதில்தான் திருத்தி வைத்திருந்தேன். கல்லை வைத்துத்தானே ஆழத்தைக் கணக்கிடுவோம்; அதனால்தான் என் கணினியில் இருந்ததை அப்படியே எடுத்து நீங்கள் எழுதிய கட்டுரையில் மாக்மா, அந்தப் பாறைக்குழம்பு, இரண்டே கிலோமீட்டர் ஆழத்தில் கொதிக்கிறது. உண்மையில் எட்டு.

நன்றிப் பட்டியலில்கூட என் பெயர் இல்லை. ஆனால், கட்டுரையை மதிப்பிடச் சொல்லி ஆய்விதழ் என்னிடம்தான் அனுப்பியது. "ஓர் எழுத்தும் மாற்ற வேண்டாம், அப்படியே போடுங்கள்" என்று எழுதினேன்.

இன்று அச்சில் வந்துவிட்டது. வாழ்த்துகள். நோட்டு என் மடியில் இருக்கிறது.

இப்படிக்கு,
மலை ஏறியவள்